13 லட்சத்துக்குப் பழைய 320டியா, புது ஸ்விஃப்டா? 5 வருடத்தில் கையை விட்டுப் போவது எவ்வளவு?

நொய்யல்காரன் கேட்டது:

வணக்கங்க. வாரத்தில் 2 நாள் கோவையிலிருந்து அவிநாசி வழியாகத் திருப்பூர் போய்வர ஒரு வண்டி பார்க்கிறேன். ஊருக்குள் ஓட்டுவதையும் சேர்த்தால் வருடத்துக்கு 12,000 கி.மீ. வரும். முன்னால் இருப்பது இரண்டு:

1. பிஎம்டபிள்யூ 320டி, 2016 மாடல், 84,000 கி.மீ., இரண்டாவது ஓனர். 13 லட்சம் சொல்கிறார்கள். புதிதில் 40 லட்சத்தைச் சுற்றி விற்ற வண்டி.

2. புது ஸ்விஃப்ட் மேனுவல், பெட்ரோல். ஆன்ரோடு 9.5 லட்சம் வரை ஆகும் என்று வைத்துக்கொள்கிறேன்.

5 வருடம் வைத்திருந்துவிட்டு விற்றுவிடுவேன். "பழசு வாங்கினால் தேய்மானம் எல்லாம் முதல் ஓனர் தலையில் போய்விட்டது, இனி நமக்கு நஷ்டமில்லை" என்கிறார் புரோக்கர். அது எந்த அளவுக்கு உண்மை? பராமரிப்புக்குத் தனியாக எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

---

பேரேடு:

பேட்ஜ், ஓட்டுகிற சுகம் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டுக் காசை மட்டும் எண்ணுவோம். 5 வருடம், 60,000 கி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். எல்லாம் தோராயம்தான், உங்கள் ஊர் விலைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் எரிபொருள். பலரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். கடைசியில் பார்த்தால் வித்தியாசமே இல்லாத வரி இதுதான். 320டி ஊரும் ஹைவேயும் கலந்து லிட்டருக்கு 14 கொடுத்தால் 4,286 லிட்டர். டீசல் 92 ரூபாய் என்றால் 3.94 லட்சம். ஸ்விஃப்ட் நிஜ ஓட்டத்தில் 16 கொடுத்தால் 3,750 லிட்டர். பெட்ரோல் 101 என்றால் 3.79 லட்சம். 5 வருடத்துக்கு 15,000 ரூபாய் வித்தியாசம், அவ்வளவே.

அடுத்தது தேய்மானம். முதல் ஓனர் தலையில் பெரும்பகுதி போனது உண்மை. ஆனால் நீங்கள் விற்கும்போது வண்டிக்கு 14 வயது தாண்டியிருக்கும். ஆர்சி 15 வருடத்துக்குத்தான். அதன்பிறகு எஃப்சி காட்டி 5 வருடம் 5 வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அந்த வயதில் பழைய ஜெர்மன் டீசலை வாங்க வருகிறவர் குறைவு. 5 லட்சத்துக்குப் போனாலே நல்ல விலை. ஆக, இழப்பு 8 லட்சம். 9.5 லட்சத்து ஸ்விஃப்ட் 5 வருடம் கழித்து 5.5 லட்சத்துக்குச் சிரமமில்லாமல் போகும். இழப்பு 4 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்கு உட்பட்ட சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18% ஆனதால் புது வண்டி விலை இறங்கியது. பழைய வண்டியோடு ஒப்பிடும்போது அதையும் நினைவில் வையுங்கள்.

இன்ஷூரன்ஸ்: 1,500 சிசிக்கு மேல் மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் 7,897 ரூபாய். 1,000 முதல் 1,500 வரை 3,416. சொந்த சேதத்துக்கான தொகையும் வரியும் சேர்த்து 320டிக்கு 5 வருடத்துக்கு 1.6 லட்சம் எழுதுகிறேன். ஸ்விஃப்டுக்கு முதல் வருடத்தது ஆன்ரோடு விலைக்குள் அடங்கிவிடும். மீதி 4 வருடத்துக்கு 72,000.

இனி பராமரிப்பு. 320டியை வெளியே நல்ல ஸ்பெஷலிஸ்ட்டிடம் விடுவதாக வைத்து எழுதுகிறேன். கம்பெனி சர்வீஸ் என்றால் இன்னும் ஏறும்.

ஆயில் சர்வீஸ் 18,000 வீதம் 5 தடவை: 90,000
கியர்பாக்ஸ் ஆயில், சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தட்டு): 55,000
முன்னும் பின்னும் பிரேக் பேட், டிஸ்க்: 80,000
ரன்ஃபிளாட் டயர் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் வகை) ஒரு செட்: 80,000
பேட்டரி: 28,000
சஸ்பென்ஷன் ஆர்ம், புஷ்: 70,000
ஹோஸ், கேஸ்கெட், கூலன்ட் வகையறா: 50,000
எதிர்பாராததுக்கு: 1,50,000

மொத்தம் 6.03 லட்சம். ஸ்விஃப்டுக்கு சர்வீஸ் 35,000, டயர் 24,000, பேட்டரி 5,000, பிரேக் 8,000, சில்லறை 20,000. சேர்த்து 92,000.

கூட்டினால் 320டி 19.57 லட்சம், கி.மீ.க்கு 32.6 ரூபாய். ஸ்விஃப்ட் 9.43 லட்சம், கி.மீ.க்கு 15.7. இதுபோக, அதிகமாகப் போடும் 3.5 லட்சம் 7% வைப்பில் கிடந்திருந்தால் 5 வருடத்தில் தனி வட்டியே 1.2 லட்சத்தைத் தாண்டும்.

புரோக்கர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. வயதாக வயதாக இறங்குவது வண்டியின் விலைதான். பாகங்களின் விலை இறங்காது. நீங்கள் 13 லட்சம் கொடுத்து வாங்கினாலும், ஹெட்லைட் உடைந்தால் கடைக்காரர் தருவது 40 லட்ச வண்டியின் ஹெட்லைட்.

---

ஸ்பேனர்14:

பேரேடு அண்ணன் கணக்கில் எனக்குக் குறையில்லை. "எதிர்பாராதது 1.5 லட்சம்" எங்கிருந்து வரும் என்று நான் சொல்கிறேன்.

முதலில் எஞ்சின் எது என்று பாருங்கள். இந்தத் தலைமுறை 3 சீரிஸுக்கு எஃப்30 என்று பெயர். அதன் 320டியில் 2 டீசல் எஞ்சின் வந்தது: 184 குதிரைத்திறன் என்47, அதன்பின் 190 குதிரைத்திறன் பி47. இரண்டும் 1,995 சிசி. ஃபேஸ்லிஃப்ட் 320டி இந்தியாவுக்கு 2016 ஜனவரியில் வந்தது, அதில் இருப்பது பி47. 2016-ல் பதிவான எல்லாமே 2016-ல் தயாரானது என்று நம்ப வேண்டாம். 2015-ல் வந்து நின்ற வண்டி 2016-ல் பதிவாகியிருக்கலாம். சேஸிஸ் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பு மாதத்தையும் எஞ்சின் குறியீட்டையும் உறுதிசெய்யுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இந்த எஞ்சின்களில் டைமிங் செயின் (வால்வுகளை எஞ்சின் சுழற்சியோடு இணைக்கும் சங்கிலி) முன்பக்கம் இல்லை. பின்னால், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயின் தளர்ந்தால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் கை போகாது. செயினும் கைடும் விலை பெரிதில்லை, கூலிதான் பெரிது. என்47-ன் ஆரம்ப காலத் தயாரிப்புகளில் இந்தத் தொல்லை அதிகம், போகப்போகக் குறைந்தது. ஆனாலும் கேட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கேட்பது எப்படி: காலையில் சொல்லாமல் போங்கள். முதலில் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் திரும்பிவிட்டு இன்னொரு நாள் வாருங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, டாஷ்போர்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே, அதாவது பின்பக்கம் காதை வையுங்கள். டீசலின் வழக்கமான கடகடப்பு வேறு. சங்கிலியைத் தகரத்தில் இழுப்பது போன்ற ஓசை, 1,500-2,000 ஆர்பிஎம் வரை ஏற்றும்போது கூடவே ஏறினால் அந்த வண்டி வேண்டாம்.

இரண்டாவது, ஈஜிஆர் கூலர், அதாவது எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம். 2018-ல் தென்கொரியாவில் டீசல் பிஎம்டபிள்யூக்கள் தீப்பிடித்ததும் அதைத் தொடர்ந்து உலகம் முழுக்க ரீகால் நடந்ததும் செய்தியில் வந்தது. கூலரில் கூலன்ட் கசிந்து, உள்ளே படிந்த கரியோடும் ஆயிலோடும் சேர்ந்து, புகைபோக்கிச் சூட்டில் பற்றிக்கொள்வதுதான் காரணம். சேஸிஸ் எண்ணை வைத்து ரீகால் பாக்கி இருக்கிறதா என்று கம்பெனி சர்வீஸில் கேளுங்கள். வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் கூலன்ட் மட்டம் குறைகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவது, கியர்பாக்ஸ். இசட்எஃப் 8-ஸ்பீட். அருமையான பெட்டி, அதில் பேச்சே இல்லை. "ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்" என்று சொல்வதுதான் தவறு. கியர்பாக்ஸ் செய்கிற இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. 84,000 ஓடிய, 8 வயது தாண்டிய வண்டிக்கு இரண்டு கணக்கிலும் நேரம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் சம்ப், ஃபில்டர் அதற்குள்ளேயே அமைந்திருப்பதால் சம்பை முழுதாக மாற்ற வேண்டும். "ஆயிலை மட்டும் மாற்றித் தருகிறேன், 15,000" என்பவரிடம் விடாதீர்கள். மட்டம் பார்ப்பது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆயில் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே. கண்மட்டத்தில் ஊற்றினால் 2-லிருந்து 1-க்கு இறங்கும்போது இடிக்க ஆரம்பிக்கும்.

நான்காவது, முன்பக்க ஆர்ம் புஷ். ரப்பருக்குள் திரவம் நிரப்பிய வகை. நம் ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கும் குழிக்கும் அது கிழிந்து ஒழுகும். ஹைவேயில் 90-லிருந்து மெதுவாக பிரேக் மிதித்துப் பாருங்கள். ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லி டிஸ்க்கை மாற்றுவார்கள். புஷ்ஷைச் சுற்றி எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று அடியில் லைட் அடித்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். எந்த ஆர்ம் மாற்றினாலும் அலைன்மென்ட் கட்டாயம்.

சின்ன விஷயங்கள்: பேட்டரி பூட்டில் இருக்கும், ஏஜிஎம் வகை. மாற்றினால் ஸ்கேனரில் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் பழைய பேட்டரி என்று நினைத்துச் சார்ஜ் ஏற்றி, புதியதையும் சீக்கிரம் கொன்றுவிடும். பிரேக் பேட் சென்சார் வயர் 2 இடத்தில் இருக்கும், முன் இடது, பின் வலது. எச்சரிக்கை விளக்கு எரிந்தபின் பேட் மாற்றினால் வயரும் மாற்ற வேண்டும். டயரின் பக்கச் சுவரில் 4 இலக்க எண் பாருங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத் தயாரிப்பு. பட்டன் எவ்வளவு இருந்தாலும் 6 வருடம் தாண்டியதை விலையில் கழியுங்கள்.

மீட்டர் திருத்தியதைப் பிடிக்க ஒரு வழி. சாதாரண ஓபிடி கருவி போதாது; பிஎம்டபிள்யூவுக்கான ஸ்கேனர் வைத்திருப்பவரை அழைத்துப் போய் எல்லா மாட்யூலையும் (வண்டிக்குள் இருக்கும் சின்னக் கணினிகளை) படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோளாறும் எத்தனையாவது கி.மீ.யில் பதிவானது என்று உள்ளே இருக்கும். மீட்டரில் 84,000, ஏதோ ஒரு மாட்யூலில் 1,31,000-ல் ஒரு கோளாறு பதிந்திருந்தால் வேறு சாட்சி வேண்டாம். ஒரு கோளாறுகூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தாலும் உஷார், நேற்றுதான் அழித்திருக்கிறார்கள். 30 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள்.

---

நொய்யல்காரன்:

இரண்டு பேருக்கும் நன்றிங்க. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: வண்டி டில்லி பதிவு. என்ஓசி (வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கித் தருகிறேன் என்கிறார் புரோக்கர். நம் ஊர்ப் பதிவு வண்டிக்கு 2 லட்சம் கூடக் கேட்கிறார்கள். இதில் ஏதும் வில்லங்கம் உண்டா?

---

நாற்பத்தேழு:

இருக்கிறது, அதுவும் இதுதான் பெரிய வில்லங்கம்.

டில்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை வந்தது. 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதனால்தான் 8, 9 வயதான டீசல் சொகுசு வண்டிகள் அங்கிருந்து தெற்கே இறங்கின. (வயதை மட்டும் வைத்து ஓனர்மேல் நடவடிக்கை எடுப்பதை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தற்காலிகமாக நிறுத்தியது.) விலை குறைவுக்குக் காரணம் புரோக்கரின் நல்ல மனசு இல்லை. 10 வருடம் முடியும் தேதி என்ன, என்ஓசி அதற்கு முன்பே கையில் கிடைக்குமா என்று பாருங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்ற பேச்சுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவின்படி வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே பதிவு மாற்ற வேண்டும். அப்போது தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்ட வேண்டும். 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி புது வண்டிக்கு 5 லட்சம் வரை 12%, 10 லட்சம் வரை 13%, 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்து இது குறையும். கொக்கி எங்கே என்றால், கணக்கிடுவது நீங்கள் கொடுக்கும் 13 லட்சத்தின் மேல் இல்லை, வண்டியின் அசல் விலையின் மேல். 40 லட்ச வண்டிக்குக் குறைந்த விகிதமும் சில லட்சங்களில்தான் போய் நிற்கும். முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் அசல் இன்வாய்ஸ் நகலைக் காட்டித் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள், விலை பேசுவது பிறகு. நம் ஊர் வண்டிக்குக் கூடக் கேட்கும் 2 லட்சம் அப்போது மலிவாகத் தெரியும்.

வாங்க வேண்டிய தாள்கள்: அசல் ஆர்சி, என்ஓசி (படிவம் 28), விற்பனைக்கு 29, 30, கடன் இருந்திருந்தால் வங்கிக் கடிதத்தோடு படிவம் 35.

இன்ஷூரன்ஸ் பற்றிப் பேரேடு பிரீமியம் மட்டும் சொன்னார். அடிபட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகள் ஜீரோ டெப் கவரை (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கொடுக்கும் பாலிசி) 5, 7 வயதோடு நிறுத்திவிடும். அது இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு 50% கழிவு. உலோகப் பாகத்துக்கு 5 முதல் 10 வயது வரை 40%, 10 தாண்டினால் 50%. அதோடு 1,500 சிசிக்கு மேல் ஒவ்வொரு கிளெய்முக்கும் கட்டாயக் கழிவு 2,000. முன்பக்கம் லேசாக மோதி பம்பர், கிரில், ரேடியேட்டர் தாங்கி போனது என்று வைத்துக்கொள்ளுங்கள், 1.2 லட்சம் பில்லில் பாதி உங்கள் பாக்கெட்டிலிருந்து. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸும் உங்களுக்கு வராது, அது ஆளுக்கானது, வண்டிக்கானது இல்லை. பெயர் மாறியதும் 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்றிவிடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்றும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு முழு நஷ்டம் என்று எழுதிய வண்டிகள் ஏலத்துக்குப் போயின. டில்லியிலும் 2023 ஜூலையில் யமுனை கரை தாண்டியது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவிப் பாருங்கள்; உள்முனையில் சேற்றுக் கோடு இருக்கும், அதை யாரும் துவைப்பதில்லை. சீட் தண்டவாளப் போல்ட்டில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம் இரண்டும் அடுத்த சாட்சி.

---

மெதுவண்டி:

எல்லோரும் 320டியைப் போட்டு அடிக்கிறீர்கள். ஒப்பீடே சரியில்லை என்பேன். திருப்பூர் ரோட்டில் வாரம் 200 கி.மீ. போகிறவருக்கு ஸ்விஃப்டும் 320டியும் ஒரே வேலையைச் செய்யாது. சீட், சத்தம், 100-ல் போகும்போது இருக்கும் நிதானம், எல்லாமே வேறு. கி.மீ.க்கு 17 ரூபாய் கூடுதல் என்பதை அந்த வசதியின் விலை என்று எடுத்துக்கொள்ளலாம். கொடுக்க மனம் உண்டா இல்லையா என்பது அவரவர் விருப்பம்.

ஆனால் பெரிய வண்டி, சின்னத் தலைவலி வேண்டுமென்றால் நடுவில் வழி இருக்கிறது. கொரோலா ஆல்டிஸ் 1.8 பெட்ரோல், டைமிங் செயின் முன்பக்கம், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்கலாம். இன்னும் வசதி வேண்டுமானால் கேம்ரி ஹைபிரிட். சொகுசு வேண்டும், ஒர்க்‌ஷாப் பக்கம் போகக் கூடாது என்பவருக்கு அதுதான். பின்சீட் பக்கம் இருக்கும் பேட்டரி குளிரூட்டும் காற்றுவழியில் தூசு அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆக்டேவியாவும் நல்ல வண்டி.

---

ஸ்பேனர்14:

மெதுவண்டி சொன்னதில் ஆல்டிஸ், கேம்ரி இரண்டுக்கும் கை தூக்குகிறேன். ஆக்டேவியா என்று பொதுவாகச் சொல்லக் கூடாது. 2.0 டீசலில் வருவது ஆயிலில் நனைந்த கிளட்ச் உள்ள 6-ஸ்பீட் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்), 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் உழைக்கும். 1.8 பெட்ரோலில் வருவது உலர் கிளட்ச் 7-ஸ்பீட். ஊர் நெரிசலில் ஊர்ந்தால் சூடேறி கிளட்ச் தேயும். கியர் மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மெகட்ரானிக் பகுதி போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். அதேபோல "பிஎம்டபிள்யூ வேண்டாம், அதே விலைக்கு ஆடி ஏ4" என்று புரோக்கர் திருப்பினால், பழைய 2.0 டீசல் ஏ4-ல் இருப்பது மல்டிட்ரானிக் சிவிடி (தனித்தனி கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். அதைத் திறந்து சரிசெய்யத் தெரிந்தவர்கள் நம் பக்கம் ரொம்பக் குறைவு.

ஸ்விஃப்டே எடுத்தாலும் மேனுவல் என்ற உங்கள் முடிவு சரி.

---

நொய்யல்காரன்:

டில்லி வண்டியை விட்டுவிட்டேன். தமிழ்நாட்டுப் பதிவில் ஆல்டிஸ் 2017, 62,000 கி.மீ., சிவிடி, 9 லட்சத்துக்கு ஒன்று வந்திருக்கிறது. பேரேடு அண்ணா, இதற்கு எவ்வளவு ஒதுக்கலாம்? ஸ்பேனர் அண்ணா, பார்க்கப் போகும்போது என்ன கவனிக்கட்டும்?

---

பேரேடு:

1,798 சிசி என்பதால் மூன்றாம் நபர் பிரீமியம் 320டிக்கு உள்ள அதே 7,897. மைலேஜ் 11.5 என்று வையுங்கள், 60,000 கி.மீ.க்கு 5,217 லிட்டர், 5.27 லட்சம். எரிபொருள் செலவில் மூன்று வண்டியிலும் இதுதான் பெரிது. பராமரிப்புக்கு 2 லட்சம், இன்ஷூரன்ஸ் 1.1 லட்சம். விற்கும்போது 4.5 லட்சம் வந்தால் மொத்தம் 12.87 லட்சம், கி.மீ.க்கு 21.5 ரூபாய்.

---

ஸ்பேனர்14:

சிவிடி ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். மாற்றவில்லை என்றால் ஒரு 10,000 கழித்துப் பேசி, வாங்கிய வாரமே மாற்றுங்கள். டொயோட்டா சொல்லும் சிவிடி ஆயில் மட்டும்தான், சாதாரண ஆட்டோ கியர்பாக்ஸ் ஆயில் ஊற்றினால் பெல்ட் வழுக்கும். மேட்டில் நிறுத்தி பிரேக்கை விட்டு மெதுவாக ஏற்றிப் பாருங்கள், அதிர்வோ உறுமலோ இருக்கக் கூடாது. வாட்டர் பம்ப் பக்கம் இளஞ்சிவப்பாகக் காய்ந்த கறை இருந்தால் பம்ப் கசிகிறது. அது பெரிய செலவில்லை, விலையைக் குறைக்க உதவும்.